எந்தக் கணக்கு கஷ்டம் என்று ஆர் சொல்வது?



செப்ரெம்பர் பிறந்தால் என்னிடம் ஒரே கேள்விதான் வரும். போன ஞாயிறு ஆர்ச்வே ரோட்டு முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வரும்போதும் வந்தது. இயர் 12 தொடங்கிய ஒரு பெடியன் கேட்டான்: "அண்ணா, ஃபர்தர் மத்ஸில எந்த ஒப்ஷன் லேசு?"

அவனுக்கு அங்கேயே ஒரு பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் "லேசு", "கஷ்டம்" என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

நான் எடுத்த மொடியூல்கள்

நான் 2004 செப்ரெம்பரில் ஏ லெவல் தொடங்கினேன். அப்போது கணிதம் மொடியூல் மொடியூலாக இருந்தது. சி1 முதல் சி4 வரை எல்லோருக்கும் பொது. அதற்கு மேல் எம் என்றால் இயக்கவியல், எஸ் என்றால் புள்ளிவிபரவியல், டி என்றால் தீர்மானக் கணிதம், எஃப்பி என்றால் மேலதிக தூய கணிதம். ஆறு மொடியூல் சேர்ந்தால் ஒரு ஏ லெவல். பன்னிரண்டு எடுத்தால் ஃபர்தர் மத்ஸும் கிடைக்கும்.

இந்த அமைப்பே ஒரு விபத்துக்குப் பிறகு வந்ததுதான். 2000 செப்ரெம்பரில் இங்கிலாந்தில் ஏ லெவல் முழுவதையும் மாற்றினார்கள். 2001 கோடையில் முதல் ஏஎஸ் கணிதச் சோதனை எழுதியவர்களில் ஏறத்தாழ 29 வீதமானோர் சித்தியடையவில்லை. பயந்துபோன பிள்ளைகள் கணிதத்தை விட்டார்கள். அடுத்த வருடம் ஏ லெவல் கணிதம் எழுதியவர்களின் தொகை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. 2004 பெப்ரவரியில் பேராசிரியர் ஏட்ரியன் ஸ்மித் இங்கிலாந்தின் கணிதக் கல்வி பற்றிய தன் அறிக்கையைக் கொடுத்தார். அதே வருடம் புதிய பாடத்திட்டமும் வந்தது. மூன்று மொடியூலில் இருந்த தூய கணிதத்தை நான்காகப் பிரித்து, பிரயோக மொடியூல்களை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். அந்தப் புதிய திட்டத்தில் முதல் வருடமே உட்கார்ந்தவன் நான்.

எனக்கு ஒரு வருடம் மேலே படித்த ஓர் அக்கா சொன்னார்: "டி1, டி2 எடு. லேசு. ஏ கட்டாயம்." எடுத்தேன். ஏயும் வந்தது.

பெரியப்பா கேட்ட கேள்வி

2005 ஓகஸ்ட். ரிசல்ட் தாளைக் கொண்டு ஆர்ச்வே ஸ்ரேஷனிலிருந்து நேரே பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர்தான் எங்கள் குடும்பத்தில் கணக்குக்காரன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சோதனை எத்தினை மார்க்குக்கு?"

"75 பெரியப்பா."

"இதில 100க்கெல்லோ போட்டிருக்கு?"

அது யூஎம்எஸ் என்று விளங்கப்படுத்தினேன். ஒருமுறை பேப்பர் கஷ்டமாக வரும், ஒருமுறை லேசாக வரும். அதனால் எடுத்த மார்க்கை ஒரு பொது அளவுகோலுக்கு மாற்றுவார்கள். உதாரணத்துக்கு, கஷ்டமான பேப்பரில் 75க்கு 54 எடுத்தவருக்கும் லேசான பேப்பரில் 62 எடுத்தவருக்கும் ஒரே 80 கிடைக்கலாம். "மார்க்கைத் தரப்படுத்துறது" என்று நான் தமிழில் சொன்னேன்.

பெரியப்பாவின் முகம் மாறிவிட்டது. "உன்ர மார்க்கை ஆர் மாத்தினது? நீ எந்த மொழியில எழுதினனி எண்டு பாத்தவங்களோ?"

எனக்கு விளங்கவில்லை. அன்று பின்னேரம்தான் அவர் தன் கதையை முதன்முதல் சொன்னார்.

229

பெரியப்பா யாழ்ப்பாணத்தில் உயர்தரம் எழுதிய காலத்தில் கணிதப் பிரிவுக்கு நான்கு பாடங்கள்: தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். பாடத்துக்கு 100 வீதம் மொத்தம் 400. அவர் எடுத்தது 229.

1970ஆம் ஆண்டுவரை பல்கலைக்கழக அனுமதிக்கு வெட்டுப்புள்ளி எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த வருட அனுமதியில், சிங்கள மொழியில் எழுதியவர்களுக்கு ஒரு வெட்டுப்புள்ளி, தமிழில் எழுதியவர்களுக்கு வேறு என்று ஆக்கினார்கள். பேராதனைப் பொறியியலுக்குச் சிங்கள மொழிமூலம் 227, தமிழ் மொழிமூலம் 250. கட்டுப்பெத்தைக்கு 212, 232. மருத்துவத்துக்கு 229, 250.

பெரியப்பாவின் 229ஐ இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மற்ற மொழியில் எழுதியிருந்தால் பேராதனைக்கே போயிருப்பார். தமிழில் எழுதியதால் கட்டுப்பெத்தையும் மூன்று புள்ளியால் தவறியது. கேள்விகள் ஒன்றுதான். விடை எழுதிய மொழிதான் வேறு.

1973இல் இரண்டு மொழிகளின் புள்ளிகளையும் ஒரு பொது அளவுக்கு மாற்றும் முறை வந்தது. அதற்குத்தான் தரப்படுத்தல் என்று பெயர். 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. 1977இல் ஆட்சி மாறிய பிறகு மொழிவாரித் தரப்படுத்தலைக் கைவிட்டார்கள். மாவட்ட ஒதுக்கீடு வேறு வடிவங்களில் இன்றும் இருக்கிறது.

இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆய்வுகூடமே இல்லாத கிராமப் பள்ளிக்கூடப் பிள்ளை எடுக்கும் 200உம், கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பெரிய கல்லூரியில் படித்த பிள்ளை எடுக்கும் 200உம் ஒன்றில்லை. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. மாவட்ட ஒதுக்கீட்டால் மன்னார், முல்லைத்தீவுத் தமிழ்ப் பிள்ளைகளும் பயனடைந்திருக்கிறார்கள். ஆனால் மொழியை வைத்துப் போட்ட கோடு அதைப் பார்க்கவில்லை. வசதி இல்லாத மன்னார்ப் பிள்ளைக்கும் தமிழில் எழுதினால் அதே 250தான். கஷ்டத்தை அளக்கிறோம் என்று சொல்லி வேறு ஒன்றை அளந்தார்கள். எத்தனையோ பெடியள் படிப்பில் நம்பிக்கை இழந்த காலம் அது. பிறகு வந்த போருக்கான காரணங்களில் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் இதையும் எண்ணுகிறார்கள்.

இசட் புள்ளி

இலங்கையில் இப்போது மூன்று பாடங்கள். தூயதும் பிரயோகமும் சேர்ந்து இணைந்த கணிதம் ஆகிவிட்டது. அனுமதிக்கு மார்க்கைப் பார்ப்பதில்லை, இசட் புள்ளியைப் பார்க்கிறார்கள். எஸ்1 படித்தவர்களுக்கு இது தெரியும். உங்கள் மார்க்கிலிருந்து சராசரியைக் கழித்து, நியம விலகலால் பிரிக்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு பேப்பரில் நீங்கள் 70. சராசரி 55, நியம விலகல் 15. இசட் புள்ளி 1. இன்னொன்றில் 62 மட்டும்தான். ஆனால் சராசரி 50, விலகல் 8. இசட் புள்ளி 1.5. குறைந்த மார்க்கில்தான் நீங்கள் கெட்டிக்காரர்!

நல்ல முறைதான். ஆனால் ஒரு பொறி உண்டு. இசட் புள்ளி பேப்பரை அளப்பதில்லை. உங்களோடு யார் யார் எழுதினார்களோ அவர்களுக்குள் நீங்கள் எங்கே என்றுதான் சொல்லும். 2011இல் உயர்தரத்தைப் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் எழுதினார்கள். பேப்பரும் வேறு, எழுதிய கூட்டமும் வேறு. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணித்துவிட்டார்கள். மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். 2012 யூனில் உயர் நீதிமன்றம் அதை இரத்துச் செய்து, இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனியாகக் கணிக்கச் சொன்னது. புள்ளிவிபரவியலின் ஓர் அடிப்படைப் பாடம் நீதிமன்றப் படி ஏறிய கதை இது.

அதே பொறி இங்கேயும் இருக்கிறது. "எஃப்பி2வில நிறையப் பேர் ஏ எடுக்கினம், அப்ப லேசு" என்று எங்கள் காலத்தில் சொல்வார்கள். எஃப்பி2 எழுத வந்தவர்களே கணக்கில் புலிகள். அவர்களுடைய ஏயை வைத்துப் பேப்பரை மதிப்பிட முடியாது.

அப்போ எதை எடுப்பது?

இப்போது மொடியூல் இல்லை. 2017இலிருந்து எல்லாம் இறுதியில் ஒரே சோதனை. யூஎம்எஸும் போய்விட்டது. ஆனால் ஃபர்தர் மத்ஸில் தெரிவு இருக்கிறது. எடெக்ஸெல் என்றால் பாதி எல்லோருக்கும் பொது. மற்றப் பாதிக்கு இரண்டு ஒப்ஷன் எடுக்க வேண்டும்: மேலதிக தூய கணிதம், புள்ளிவிபரவியல், இயக்கவியல், தீர்மானக் கணிதம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தில் பொறியியல் முதல் வருடம். எம்3 படித்து வந்தவர்களுக்குச் சுருள்வில்லும் வட்ட இயக்கமும் பழகிய விஷயம். எனக்கு எல்லாம் புதிது. கிறிஸ்மஸ் லீவில் பெரியப்பா வீட்டுக் குசினி மேசையில் இருந்து எளிமை இசை இயக்கம் படித்தேன். சொல்லித்தந்தவர் அவர்தான். முப்பத்தைந்து வருடத்துக்கு முந்திய பிரயோக கணிதம், ஒரு புத்தகமும் இல்லாமல், பழைய கடித உறையின் பின்பக்கத்தில். பொறியியல் பீடத்துக்குள் காலடி வைக்க விடாத மனிசன், என்னை அந்த வருடம் பாஸ் பண்ண வைத்தார்.

அதற்காக டி1 வீண் என்று சொல்லமாட்டேன். இன்று என் ஐரி வேலையில் அதிகம் கைகொடுப்பது டி1தான். மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் டைக்ஸ்ட்ராவின் முறை, எந்த வேலை பிந்தினால் முழுத் திட்டமும் பிந்தும் என்று பார்க்கும் கணக்கு, எல்லாம் அங்கே படித்ததுதான். அந்தப் பாடத்தில் பிழை இல்லை. லேசு என்ற ஒரே காரணத்துக்காக எடுத்தேன், அதுதான் பிழை.

ஆகவே தம்பி, முதலில் பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கப் போகிறாய் என்று பார். பொறியியல், பௌதிகவியல் என்றால் இயக்கவியல். பொருளியல், உயிரியல் பக்கம் என்றால் புள்ளிவிபரவியல். கணினி என்றால் தீர்மானக் கணிதத்தையும் யோசி. பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு பழைய பேப்பரை மணிக்கூடு வைத்துப் புரட்டிப் பார். எந்தக் கணக்கு பிழைத்த பிறகும் உன்னை விடாமல் இழுக்கிறதோ, அது உனக்குரியது. கிரேட் எல்லையை மட்டும் வைத்து முடிவெடுக்காதே.

யாராவது "இது கஷ்டம், அது லேசு" என்று சொன்னால், பெரியப்பா கேட்ட மாதிரி ஒரு கேள்வி கேள்: ஆர் அளந்தது, எதை வைத்து அளந்தது?