உஸ்மானிய அரசு: அங்காராவில் முறிந்து மீண்டும் தழைத்த வரலாறு

 

உஸ்மானிய சாம்ராஜ்யத்தின் வரலாறு நம்மிடையே பெரும்பாலும் வெற்றிகளின் வரிசையாகவே சொல்லப்பட்டு வருகின்றது. புர்ஸா, எதிர்னே, கொன்ஸ்தாந்திநோபிள், கெய்ரோ என்று நகரங்களின் பெயர்கள் அடுக்கப்படுகின்றன. அவ்வரசு ஏறத்தாழ அழிந்தே போயிருந்த பதினோர் ஆண்டுகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அது எதனால் வளர்ந்தது என்பதை அறிய, அந்தப் பதினோர் ஆண்டுகளையே நாம் ஊன்றி நோக்க வேண்டியுள்ளது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில், வடமேற்கு அனதோலியாவில் ஸோகுத் என்ற சிற்றூரைச் சூழ்ந்திருந்த எல்லைப்புறத் தலைமையே உஸ்மானுடையது. அவருடைய மகன் ஓர்ஹானின் படை 1326இல் புர்ஸாவைக் கைப்பற்றியது. 1354இல் நிலநடுக்கத்தால் கலிபோலியின் மதில்கள் சரிந்தபோது, ஓர்ஹானின் மகன் ஸுலைமான் பாஷா அந்நகரினுள் நுழைந்தார். உஸ்மானியர் ஐரோப்பாவில் காலூன்றியது அவ்வாறுதான்.

1389இல் பட்டத்துக்கு வந்த ஸுல்தான் பாயஸீத் ‘மின்னல்’ எனப் புகழ்பெற்றவர். அனதோலியாவின் ஏனைய முஸ்லிம் அமீர்களின் நாடுகளையும் அவர் விரைந்து விழுங்கினார். வெளியேற்றப்பட்ட அமீர்கள் தைமூரிடம் முறையிட்டனர். 1402 ஜூலையில் அங்காராவுக்கு அருகே இரு படைகளும் மோதின. பாயஸீத் வலிந்து இணைத்த நாடுகளின் வீரர்கள், தம் பழைய அமீர்களை எதிரணியில் கண்டதும் அப்பக்கம் சென்றுவிட்டனர். கிறிஸ்தவர்களான ஸேர்பியப் படையினரோ அவருக்காக உறுதியுடன் போரிட்டனர். இது சிந்திக்கத்தக்க செய்தியாகும். பாயஸீத் சிறைப்பட்டு, 1403இல் சிறையிலேயே மரணமடைந்தார். தைமூர் அமீர்களுக்கு அவர்களுடைய நாடுகளை மீள வழங்கினார். எஞ்சியதற்காகப் பாயஸீத்தின் புதல்வர்கள் 1413 வரை தமக்குள் போரிட்டனர்.

இத்தகைய அடியின் பின்னர் பல அரசுகள் சுவடின்றி மறைந்துள்ளன. இது ஏன் மறையவில்லை? தைமூர் கடலைக் கடந்து ஐரோப்பாவுக்குள் செல்லாதது ஒரு காரணம். அதனினும் ஆழமான காரணம் நிலத்தில் இருந்தது. உஸ்மானியக் குதிரை வீரனுக்குத் ‘திமார்’ என்ற பெயரில் ஒரு கிராமத்தின் வரி வருமானம் வழங்கப்பட்டது. நிலம் அவனுக்குச் சொந்தமன்று. போர்ச் சேவைக்கு ஈடாக வருமானத்தைப் பெறும் உரிமை மட்டுமே அவனுக்கு இருந்தது. அவ்வுரிமைக்குச் சுல்தானின் ஆணைப்பத்திரம் வேண்டும். புதிய சுல்தான் வந்தால் அது புதுப்பிக்கப்பட வேண்டும். எந்த வருமானம் யாருக்குரியது என்பது பதிவேடுகளில் எழுதப்பட்டது. ஆகவே, ஆணைப்பத்திரம் வழங்கும் மத்திய அரசு மீண்டும் எழுவதில் ஆயிரக்கணக்கானோருக்குத் தம் வாழ்வாதாரமே தங்கியிருந்தது. வாள் வென்றதைப் பேனாவே காத்தது என்பது என் கருத்து.

1413இல் சகோதரர்களை வென்று முதலாம் முஹம்மத் அரசை ஒன்றிணைத்தார். அதன் பின்னர் வளர்ச்சி துரிதமானது. அவருடைய மகன் இரண்டாம் முராத் 1430இல் ஸலோனிக்காவை மீட்டார். 1453இல் இரண்டாம் முஹம்மத் கொன்ஸ்தாந்திநோபிளை வென்றார். 1517இல் முதலாம் ஸலீம் எகிப்தை இணைத்தார்.

எனினும், அப்பதினோர் ஆண்டுகளின் அச்சம் அரண்மனையை விட்டு அகலவில்லை. அரியணை ஏறுபவர், நாட்டின் ஒழுங்கைக் காக்கத் தம் சகோதரர்களைக் கொல்லலாம் என்ற விதி இரண்டாம் முஹம்மதின் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றது. நாடு பிளவுபடாதிருக்க வேண்டும் என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். உஸ்மானியரின் பெருமையைப் பேசும் நம்மவர் பலர் இதனை மறைத்துவிடுகின்றனர், அது நேர்மையன்று. குற்றமிழைக்காத ஓர் உயிரைப் பறிப்பதை எந்த அரசியல் தேவையும் நியாயப்படுத்தாது. 1595இல் மூன்றாம் முஹம்மத் பட்டத்துக்கு வந்தபோது அவருடைய சகோதரர்கள் பத்தொன்பது பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் பச்சிளம் பாலகரும் இருந்தனர்.

1603இல் ஆட்சிக்கு வந்த முதலாம் அஹ்மத் தம் இளவல் முஸ்தபாவைக் கொல்லாது விட்டார். 1617இல் அஹ்மத் இறந்தபோது, அவருடைய புதல்வர்கள் இருக்கவே, அந்த முஸ்தபாதான் அரியணையில் அமர்த்தப்பட்டார்.