வேலை உண்டு, பணியிடம் கிடையாது

அரசு அலுவலகக் கணக்கில் 'சில்லரைச் செலவினம்' என்று ஒரு தலைப்பு உண்டு. துடைப்பம், பினாயில் போன்ற செலவெல்லாம் அதில் வரும். அந்தத் துடைப்பத்தைப் பிடிக்கிற அம்மாவின் கூலியும் பல அலுவலகங்களில் அதே தலைப்பில்தான் வந்தது. எழுத்தருக்குக் கொடுப்பது சம்பளம். கூட்டுகிறவருக்குக் கொடுப்பது சில்லரைச் செலவு. 'சில்லரைச் செலவினப் பணியாளர்' என்றே அரசாணைகளில் பெயர். தோழர்களே, யாரும் திட்டுவதற்காக வைத்த பெயர் இல்லை இது. கணக்கு எழுதுகிறவர்கள் இயல்பாக வைத்த பெயர். அதனால்தான் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

அரசுப் பணியை ஏ, பி, சி, டி என நான்காகப் பிரித்திருக்கிறார்கள். 'கடைநிலை ஊழியர்' என்று அழைக்கப்பட்டவர்கள் போராடி 'அடிப்படைப் பணியாளர்' ஆனார்கள். ஆனால் அந்தக் கடைநிலைக்கும் கீழே, எந்த வகையிலும் சேராத ஒரு கூட்டம் எப்போதும் இருந்துவந்தது: தினக்கூலி, பகுதிநேரம், தொகுப்பூதியம், என்.எம்.ஆர்., ஒப்பந்தம். இவர்களுக்கு வேலை உண்டு, பணியிடம் கிடையாது. பணியிடம் இல்லையென்றால் ஊதிய விகிதம் இல்லை, பதவி உயர்வு இல்லை, ஓய்வூதியமும் இல்லை. இடஒதுக்கீட்டுச் சுழற்சியும் பணியிடத்தின் மேல்தான் ஓடுகிறது என்பதைப் படிக்கிற பிள்ளைகள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதன் வேர் கிராமத்தில் இருக்கிறது. 1895-ஆம் ஆண்டின் சென்னை மரபுவழி கிராமப் பதவிகள் சட்டம், முன்சீப், கர்ணம் பதவிகளைப் பரம்பரைச் சொத்தாக்கியது. தலையாரி, வெட்டி, நீர்க்கட்டி ஆகியோரும் கிராமப் பணியில் இருந்தார்கள். மேலே பரம்பரை என்றால் அதிகாரம். கீழே பரம்பரை என்றால் கூப்பிட்ட நேரத்தில் ஓடுவது. பரம்பரை உரிமை அரசமைப்புக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் 1960 டிசம்பரில் தசரத ராமாராவ் வழக்கில் சொன்னது. தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழித்தது. அந்த இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் என்ற முழுநேரப் பணியிடம் உடனே வந்தது. சரி, வெட்டியும் தலையாரியும் என்ன ஆனார்கள்? பகுதிநேரமாகவே நீடித்தார்கள். 1995 ஜூன் 1 முதல்தான் 'கிராம உதவியாளர்' என்ற பெயரில் முழுநேரப் பணியாளர் ஆனார்கள். ஒரே சாவடி, ஒரே வேலை நாள். மேல் நாற்காலிக்குச் சில மாதத்தில் கிடைத்தது, வாசலில் நின்றவருக்கு ஏறத்தாழ பதினைந்து ஆண்டு கழித்து வந்தது.

நகரத்தில் கதை வேறு மாதிரி. சேலம் 1866-இல் நகராட்சி, 1994-இல் மாநகராட்சி. சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என நான்கு மண்டலங்கள். தறிச்சத்தம் கேட்கும் நம் அம்மாபேட்டைத் தெருக்களைக் கூட்டுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அருந்ததியர் என்பது இங்கே வளர்ந்த யாருக்கும் தெரியும். இந்த வேலைக்கு மட்டும் இடஒதுக்கீடு கேட்டு யாரும் மனு போட்டதில்லை.

1981-இல் தமிழ்நாடு ஒரு நல்ல சட்டம் போட்டது. தொழில் நிறுவனங்களில் 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். சங்கம் வலுவாக இருந்த மின்வாரியத்தில், நீதிபதி காலித் ஆணையத்தின் பரிந்துரையால் ஏறத்தாழ 18,000 ஒப்பந்தத் தொழிலாளர்கள் உள்ளே வந்தார்கள். சங்கம் இல்லாத இடத்தில் 480-ஐத் தொடவிடாமல் இடையில் சில நாள் நிறுத்தி வைப்பது, மஸ்டரில் பெயரை மாற்றி எழுதுவது என்று வழி கண்டுபிடித்தார்கள்.

2001 நவம்பரில் அரசாணை 212 புதிய நியமனங்களை நிறுத்தியது. குப்பை நிற்கவில்லை, அதனால் கூட்டுகிறவர்கள் சுய உதவிக் குழு, ஒப்பந்தம் என்ற பெயர்களில் வந்தார்கள். 2006 பிப்ரவரியில் அரசாணை 22, அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று பத்து ஆண்டு முடித்த தினக்கூலிகளை நிரந்தரமாக்கச் சொன்னது. பலர் பயனடைந்தார்கள், அதை மறைக்கக் கூடாது. அதே ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் உமாதேவி தீர்ப்பு வந்தது: அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் நீதிமன்ற உத்தரவின் துணை இல்லாமல் பத்து ஆண்டு இருந்தவருக்கு மட்டும், அதுவும் ஒரே ஒருமுறை. 2013-இல் அரசாணை 74, பகுதிநேரத்தாருக்கு இந்தச் சலுகை கிடையாது என்றது. பள்ளிக்கூடம் கூட்டுகிற அம்மா எத்தனை ஆண்டு கூட்டினாலும் பகுதிநேரம்தான்.

2009-இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உட்பிரிவு ஒதுக்கீடே செல்லும் என்றது. நாம் இனிப்பு கொடுத்துக் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் இடையில் 2022 அக்டோபரில் அரசாணை 152 வந்துவிட்டது. சென்னை நீங்கலான மாநகராட்சிகளின் பணியிடங்களைத் திருத்தியமைத்து, தூய்மைப் பணி போன்றவற்றை வெளிமுகமைக்குத் தள்ளியது. தனியார் நிறுவனத்தின் ஆளுக்கு எந்தச் சுழற்சி? 2020-இல் 'துப்புரவு' என்பதைத் 'தூய்மை' என்று மாற்றியதற்கு விழா எடுத்தவர்கள், பணியிடம் போனபோது வாய் திறக்கவில்லை.

சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்கள் தனியாரிடம் போனதை எதிர்த்து 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தவர்களை நள்ளிரவில் அள்ளிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். அவர்கள் கேட்டது கூடுதல் கூலி மட்டுமல்ல, மாநகராட்சியின் ஆள் என்ற நிலை.

சட்டத்தின் காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. 2024 டிசம்பர் 20 அன்று ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவு வேலையில் நீண்ட காலம் இருந்த பெண்கள் உள்ளிட்டோரை நிரந்தரமாக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உமாதேவி தீர்ப்பைக் காட்டி இப்படிப்பட்டவர்களை விரட்டக் கூடாது என்றும் சொன்னது.

சட்டம் படிக்கும் தோழர்கள் அந்தத் தீர்ப்பை முழுதாக வாசியுங்கள். மற்றவர்கள் சேலம் மாநகராட்சிக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள்: 1994-இல் ஒவ்வொரு மண்டலத்திலும் அனுமதிக்கப்பட்ட துப்புரவுப் பணியிடம் எத்தனை, இன்று எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை? உங்கள் தெருவில் கூட்டுகிற அக்காவிடம் வருகைப்பதிவு, பி.எஃப். சீட்டு, பழைய அடையாள அட்டை எது இருந்தாலும் பத்திரமாக வைக்கச் சொல்லி, ஒரு நகல் எடுத்துக் கொடுங்கள். நிரந்தரம் கேட்டு வழக்குப் போடும்போது முதலில் கேட்கப்படுவது அந்தக் காகிதம்தான்.