மிடோரி இட்டோ

மிடோரி இட்டோ (பிறப்பு: 13 ஆகஸ்ட் 1969, நகோயா) ஜப்பானிய ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனை. போட்டியில் டிரிபிள் ஆக்செல் தாவலை நிறைவேற்றிய முதல் பெண் இவரே. 1989-இல் உலகப் பட்டம் வென்று, இந்த விளையாட்டில் அதைப் பெற்ற முதல் ஆசியர் ஆனார். 1992 குளிர்கால ஒலிம்பிக்கில் இவர் வென்ற வெள்ளி, ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஜப்பானின் முதல் ஒலிம்பிக் பதக்கம்.

இளமை

சிறுவயதிலேயே நகோயாவில் பயிற்சியாளர் மச்சிகோ யமதாவிடம் சேர்ந்தார். பெற்றோர் பிரிந்தபின் யமதாவின் வீட்டிலேயே தங்கி வளர்ந்தார். வளர்ந்த பின்னும் இவரது உயரம் ஏறத்தாழ 145 செ.மீ. மட்டுமே; ஆனால் தாவலின் உயரத்தில் இவரை எட்டிய பெண்கள் அன்று அரிது.

கட்டாய உருவங்கள்

அக்காலப் போட்டிகளில் இசையோடு ஆடுவதற்கு முன், பனித்தளத்தில் எட்டு வடிவம் போன்ற உருவங்களைச் சறுக்குக் கத்தியால் பிசகாமல் வரைந்து காட்ட வேண்டும். நடுவர்கள் குனிந்து அந்தத் தடங்களை ஆராய்ந்து மதிப்பெண் இடுவார்கள். இட்டோவின் பலவீனம் இதுதான். 1988 கால்கரி ஒலிம்பிக்கில் உருவங்களில் 10-ஆம் இடம். இறுதி ஆட்டத்தில் மூன்று சுற்றுகள் கொண்ட ஏழு தாவல்களை முடித்தும் மொத்தத்தில் 5-ஆம் இடமே கிடைத்தது. 1990 ஹாலிஃபாக்ஸ் உலகப் போட்டியில் குறும் ஆட்டம், இறுதி ஆட்டம் ஆகிய மற்ற இரு பிரிவுகளிலும் முதலிடம் பெற்றும், உருவங்களில் பின்தங்கியதால் தங்கத்தை அமெரிக்காவின் ஜில் டிரெனரியிடம் இழந்தார். அதன்பின் உலகப் போட்டிகளிலிருந்து அந்தப் பிரிவே நீக்கப்பட்டது.

டிரிபிள் ஆக்செல்

பிற தாவல்கள் பின்னோக்கிச் சறுக்கியபடி எழும்புபவை. ஆக்செல் மட்டும் முன்னோக்கி எழும்பிப் பின்னோக்கி இறங்குவது. ஆகவே மூன்று சுற்றுடன் அரைச் சுற்றும் சேர்ந்துவிடும். இட்டோ 1988-இல் இதை முதலில் உள்ளூர்ப் போட்டியிலும், பிறகு சர்வதேசப் போட்டியான என்.எச்.கே. கோப்பையிலும் செய்துகாட்டினார். மறு ஆண்டு பாரிஸ் உலகப் போட்டியில் இதே தாவலுடன் தங்கம் வென்றார். தொழில்நுட்பத்துக்கு ஐந்து நடுவர்கள் முழு மதிப்பெண்ணான 6.0 அளித்தனர்.

மியூனிக், அல்பெர்வில்

1991 மியூனிக் உலகப் போட்டியில், ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியின்போது மற்றொரு வீராங்கனை இவர்மீது மோதினார். தொடர்ந்த குறும் ஆட்டத்தில் தாவி இறங்கியவர், கேமராவுக்காகத் தடுப்பில் விடப்பட்டிருந்த இடைவெளி வழியே தளத்துக்கு வெளியே போய் விழுந்தார்; உடனே எழுந்து உள்ளே வந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். இறுதியில் 4-ஆம் இடம் பெற்றார்.

1992 அல்பெர்வில் ஒலிம்பிக்கின் குறும் ஆட்டத்தில் எச்சரிக்கையாக ஆக்செலைத் தவிர்த்து டிரிபிள் லட்ஸை முயன்றும் விழுந்து, 4-ஆம் இடத்துக்குச் சென்றார். இறுதி ஆட்டத்தின் தொடக்கத்தில் ஆக்செலும் தவறியது. களைப்பு சேரும் பிற்பகுதியில் மீண்டும் அதையே முயன்று முடித்தார். ஒலிம்பிக்கில் அதைச் செய்த முதல் பெண் ஆனார். தங்கம் அமெரிக்காவின் கிறிஸ்டி யமகுச்சிக்குச் சென்றது.

பிற்காலம்

அந்த ஒலிம்பிக்குக்குப் பின் தொழில்முறைக் காட்சிகளுக்குச் சென்றவர், 1996-இல் போட்டிக்குத் திரும்பித் தமது ஒன்பதாவது தேசியப் பட்டத்தை வென்றார். 1998 நகானோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஒலிம்பிக் சுடரை ஏற்றியவர் இவரே. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் மூன்று டிரிபிள் ஆக்செல்களை நிறைவேற்றி வெள்ளி வென்ற மாவோ அசாதாவும் சிறுமியாக யமதாவிடம் பயின்றவர்.