நேதாஜி பயணம் செய்த ஜெர்மன் நீர்மூழ்கி.. கடைசியில் அதற்கு என்ன ஆனது?

1943 ஏப்ரல் 28. மடகாஸ்கருக்கு அப்பால் இந்தியப் பெருங்கடல். பெரிய அலைகளுக்கு நடுவே ஒரு ரப்பர் படகில், தொப்பலாக நனைந்தபடி இரண்டு இந்தியர்கள் ஒரு நீர்மூழ்கியில் இருந்து இன்னொரு நீர்மூழ்கிக்கு மாறுகிறார்கள். ஒருவர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். மற்றவர் அவருடைய உதவியாளர் ஆபித் ஹசன். அவர்கள் ஏறியது ஜப்பானின் ஐ-29. இறங்கியது ஜெர்மனியின் யு-180.

ஏன் நீர்மூழ்கி?

ஜெர்மனியில் இருந்த நேதாஜி, தென்கிழக்கு ஆசியாவில் இந்திய தேசிய ராணுவத்தை வழிநடத்த வேண்டியிருந்தது. ஆனால் கடல் முழுக்க பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள். தண்ணீருக்கு அடியில் போவதுதான் ஒரே வழி. 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்தில் இருந்து யு-180 கிளம்பியது. கேப்டன் வெர்னர் முசன்பெர்க்.

வழியில் நடந்தது என்ன?

இது வெறும் பயணிகள் கப்பல் இல்லை. நேதாஜி உள்ளே இருக்கும்போதே, ஏப்ரல் 18-ம் தேதி 'கார்பிஸ்' என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை டார்பிடோ வீசி மூழ்கடித்தது. பத்தே நாளில் நேதாஜி கைமாறினார். பதிலுக்கு, பெர்லினில் உள்ள தூதரகத்துக்காக ஜப்பான் அனுப்பிய சுமார் 2 டன் தங்கம் யு-180-ல் ஏறியது. திரும்பும் வழியில் 'போரிஸ்' என்ற கிரேக்கக் கப்பலையும் மூழ்கடித்துவிட்டு, ஜூலை தொடக்கத்தில் பிரான்சின் போர்தோ துறைமுகம் சேர்ந்தது.

அதே நேரத்தில் நேதாஜி சிங்கப்பூரில் இருந்தார். ஜூலை 4-ல் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ஏற்றார். மலாயா தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அவர் பின்னால் திரண்டதும், சென்னையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி, 'கேப்டன் லட்சுமி' ஆனதும் இதற்குப் பிறகுதான்.

யு-180 எங்கே போனது?

அதன் டீசல் இன்ஜின்கள் ஓயாமல் மக்கர் செய்தன. அதனால் டார்பிடோ குழாய்களைக் கழற்றிவிட்டு, சரக்கு ஏற்றும் நீர்மூழ்கியாக மாற்றினார்கள். 1944 ஆகஸ்டில் நேச நாட்டுப் படைகள் பிரான்சில் முன்னேற, போர்தோவை விட்டு கிழக்காசியாவுக்குக் கிளம்பியது. பிஸ்கே வளைகுடாவைத் தாண்டவே இல்லை. உள்ளே இருந்த 56 பேரும் பலி. கடல் கண்ணிவெடியில் சிக்கியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. நீருக்கடியில் காற்று இழுக்கும் ஸ்நார்க்கெல் குழாய் பழுதாகியிருக்கலாம் என்பது இன்னொன்று.

அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஜூலை 26-ல், ஐ-29 நீர்மூழ்கியை பிலிப்பைன்ஸுக்கு வடக்கே அமெரிக்காவின் 'சாஃபிஷ்' மூழ்கடித்திருந்தது. நேதாஜியை ஆசியாவுக்குக் கொண்டுவந்த இரண்டு நீர்மூழ்கிகளும் போர் முடியும்போது இல்லை.