மரத்துப்போன கையும் மருத்துவ மாணவனும்

எம்.பி.பி.எஸ். படிக்கிற பிள்ளைக்கு ஆராய்ச்சி எதற்கு, பாடத்தைப் படித்து வைத்தியம் பார்க்கக் கற்றுக்கொண்டால் போதாதா என்று நம்மூர்ப் பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களிடம் இந்தப் பேச்சே எடுபடாது. அங்கே 'தேஸ்' என்கிற ஆய்வேட்டை எழுதி, நடுவர்கள் முன் நின்று பதில் சொன்னால்தான் டாக்டர் பட்டம். நம் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு அப்படி ஒன்று கிடையாது என்பது, பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. இங்கே எம்.டி., எம்.எஸ். போனால்தான் ஆய்வேடு.

ஏடு எழுதுவது இருக்கட்டும். பக்கத்தில் நின்று "இது ஏன் இப்படி?" என்று கேட்க வைக்கும் ஓர் ஆசான் கிடைப்பதுதான் பெரிய விஷயம். அப்படி ஒரு கதை நம் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது. 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகும் வரை நமக்கும் வேலூர்தானே தலைநகரம்!

பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் மிஷனரிகள். லண்டனில் மருத்துவம் படித்தபோது, வலி பற்றிய ஆராய்ச்சிக்குப் பேர்போன சர் தாமஸ் லூயிஸ் அவருக்கு ஆசிரியர். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு எலும்பு அறுவை மருத்துவராக வந்தார். கொஞ்ச காலத்தில், தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். மடங்கிப்போன கைகளைப் பார்த்த பிராண்ட், இவை ஏன் இப்படி ஆகின்றன என்று கேட்டார். அதை நான் அல்லவா உங்களைக் கேட்க வேண்டும், எலும்பு மருத்துவர் நீங்கள்தானே என்கிற தோரணையில் காக்ரேன் திருப்பிவிட்டார். இத்தனை லட்சம் பேருக்குக் கை கால் ஊனமாகியும், எலும்பு மருத்துவர் யாரும் அதை ஆராயவில்லை என்பது அவருடைய ஆதங்கம்.

அன்றே ஒரு நோயாளியிடம் பிராண்ட் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். வலுவே இருக்காது என்று நினைத்தவருக்கு, வலி பொறுக்காத அளவுக்குப் பிடி விழுந்தது. அப்படியானால் முன்கைத் தசைகள் உயிரோடுதான் இருக்கின்றன! பிறகு நூற்றுக்கணக்கான கைகளைச் சோதித்து, எந்தத் தசை செத்தது, எது பிழைத்தது என்று குறித்துக்கொண்டே போனார்கள். நல்ல தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றித் தைத்தார்கள். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது அடுத்த கட்டம். சரிசெய்த கைகளில் மறுபடி புண் வந்தது. நோய்தான் விரலைத் தின்கிறது என்று ஊரே நம்பிய காலம் அது; டாக்டர்களில் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். பிராண்டும் கூட இருந்தவர்களும் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். சூடான பாத்திரம், இறுகிய பூட்டுச் சாவி, சுத்தியல் பிடி என்று ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. சிலருக்கு இரவில் விரல் காணாமல் போனதற்குக் காரணம், தூங்கும்போது எலி கடித்ததுதான். உணர்ச்சி இல்லாததால் விழிக்கவில்லை. அதற்குப் பின் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தனுப்பினார்களாம். சிரிப்பு வரும், ஆனால் இதைவிட நல்ல ஆராய்ச்சி முடிவு எது?

அவரிடம் பழகியவர்களில் மேரி வர்கீஸ் ஒருவர். சி.எம்.சி.யில் படித்து டாக்டரானவர். 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. உட்கார்ந்தபடியே கை அறுவை செய்யலாமே என்று வழிகாட்டியவர் பிராண்ட். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்தார் அந்த அம்மா. பிறகு நியூயார்க்கில் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தார். 1972இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

வேலூர் பக்கத்தில் கரிகிரியில் 1955இல் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் வந்தது. மரத்துப்போன பாதத்துக்காக அங்கெல்லாம் செய்து கொடுத்த எம்.சி.ஆர். ரப்பர் செருப்பை இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் அதைப் போட்டுக்கொண்டிருக்கிறோம்! பிராண்டும் 1966க்குப் பிறகு அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, இதே பாடத்தைச் சர்க்கரைப் புண்ணுக்கும் கொண்டுபோனார்.

இன்றைய பிள்ளைகளுக்கு என்ன வழி? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குக் குறுகியகால ஆய்வு உதவித்தொகை தருகிறது. மாணவர் தன் கல்லூரி ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு, ஒரு கேள்வியை எழுதி அனுப்ப வேண்டும். தேர்வானால் இரண்டு மாதம் ஆய்வு செய்து அறிக்கை கொடுக்க வேண்டும். தொகை பெரிதல்ல. வழிகாட்டி பெயருக்குக் கையெழுத்துப் போடுகிறவராக இருந்தால் அந்த இரண்டு மாதமும் வீண். அலுவலகத்தில் ஆயிரம் கோப்பு பார்த்தவன் என்பதால் எனக்கு அந்தக் கையெழுத்துகளை நன்றாகத் தெரியும்.

நம்மூரில் 2013 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கேள்விக்கும் இங்கே பஞ்சமில்லை. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு கிரிவலம் வருகிறார்கள். அவர்களில் சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் எத்தனை பேர்? சுற்றி முடித்தபின் எத்தனை பாதத்தில் கொப்புளம், எத்தனை பேருக்கு அது தெரியவே இல்லை? பாதத்தில் நைலான் இழையை வைத்து அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பதுதான் சோதனை. ஒரு மாணவரும் அவருடைய ஆசிரியரும் அந்த இழையோடு கிரிவலப் பாதையில் ஒரு ராத்திரி உட்கார்ந்தால், முதலில் காலை நீட்டுவது நானாகத்தான் இருக்கும்.