உயிர்வளிப் பெட்டி: காற்றைச் சலித்த கதை



அண்மையில் அறிவியல் வகுப்பில் காற்றைப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். காற்றில் 78 விழுக்காடு நைட்ரசன், 21 விழுக்காடு உயிர்வளி என்று பலகையில் எழுதி முடித்தபோது ஒரு மாணவன் கையை உயர்த்தினான்.

"ஐயா, எங்கள் தாத்தாவிடம் ஓர் உயிர்வளிப் பெட்டி இருக்கிறது. அதற்குள் உயிர்வளியை எங்கே ஊற்றுவார்கள்?"

வகுப்பே சிரித்தது. "எங்கும் ஊற்றுவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே அது எடுத்துக்கொள்கிறது" என்றேன். அவன் விடவில்லை. "அப்படியானால் தாத்தா ஏன் அடிக்கடி அணைத்துவிடுகிறார்? தீர்ந்துவிடும் என்கிறாரே!"

அந்தச் சொல் என்னைச் சுட்டது. பால்மரம் சீவி எங்களை வளர்த்த என் தந்தையாரும் இறுதிக் காலத்தில் அப்பெட்டியோடுதான் வாழ்ந்தார். அதைப் பயன்படுத்துவதில் அவர் ஒரு பிழை செய்தார். நான் அதைவிடப் பெரிய பிழை ஒன்றைச் செய்தேன். அப்பெட்டியின் வரலாற்றை அறிந்திருந்தால் இரண்டையும் தவிர்த்திருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது. ஆகவே அவ்வரலாற்றை இங்கே எழுதுகிறேன்.

மருந்தாகிய காற்று

உயிர்வளியை முதலில் பிரித்தெடுத்தவர் சுவீடன் நாட்டு மருந்தாளர் கார்ல் வில்லெம் ஷீலே. ஆயினும் அவருடைய நூல் 1777-இல்தான் வெளிவந்தது. அதற்குள் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி 1774 ஆகஸ்டு முதல் நாளில் பாதரச ஆக்சைடைக் குவிவில்லையால் சூடாக்கி அதே வளியைக் கண்டு உலகுக்கு அறிவித்துவிட்டார். அதற்கு 'ஆக்சிஜன்' என்று பெயரிட்டவர் பிரான்சின் லவாய்சியர்.

வளிகளைக் கொண்டு நோய் தீர்க்க முடியுமா என்று ஆராய 1799-இல் தாமஸ் பெடோஸ் பிரிஸ்டல் நகரில் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1885-இல் அமெரிக்காவின் யார்க் நகரில் ஜார்ஜ் ஹோல்ட்சாப்பிள் என்னும் மருத்துவர், நுரையீரல் அழற்சியால் உயிருக்குப் போராடிய ஓர் இளைஞனுக்கு உயிர்வளி கொடுத்துக் காப்பாற்றினார். முதல் உலகப் போரில் நச்சுப் புகையால் பாதிக்கப்பட்ட வீரர்களுக்கு ஜான் ஸ்காட் ஹால்டேன் முறைப்படி உயிர்வளி அளித்தார். 1917-இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகே மருத்துவ உலகம் இதனை மருந்தாக மதிக்கத் தொடங்கியது.

மருந்து என்றால் அளவு உண்டு. அந்த உண்மையை உலகம் பெரும் விலை கொடுத்தே கற்றது. 1940களில் குறைமாதக் குழந்தைகளை உயிர்வளி நிறைந்த பேழைகளில் வைத்துக் காத்தனர். குழந்தைகள் பிழைத்தன, ஆனால் பல குழந்தைகளுக்குப் பார்வை போயிற்று. மிகையான உயிர்வளியே காரணமாக இருக்கலாம் என்று 1951-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் கேட் கேம்பெல் எழுதினார். பின்னர் நடந்த பெரிய ஆய்வு அதனை உறுதிப்படுத்துவதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வையிழந்திருந்தனர் என்பர்.

பெரியவர்களுக்கும் இக்கேடு உண்டு. நெடுநாள் நுரையீரல் அடைப்பு நோயாளிகள் சிலருக்கு உயிர்வளியை மிகுதியாகக் கொடுத்தால் இரத்தத்தில் கரியமிலவாயு தேங்கி மயக்கம் வரும். அதனால்தான் 1960-இல் மோரன் கேம்பெல் என்னும் மருத்துவர், குறித்த அளவு உயிர்வளியை மட்டுமே தரும் முகமூடியை அறிமுகப்படுத்தினார்.

என் பிழை இதுதான். தந்தையாருக்கு மருத்துவர் குறித்தது நிமிடத்திற்கு 2 லிட்டர். ஓர் இரவு அவர் மூச்சுத் திணறியதைக் காணப் பொறுக்காமல் 5 லிட்டருக்குத் திருப்பிவிட்டேன். அமைதியாக உறங்கினார், நானும் நிம்மதியடைந்தேன். விடியற்காலையில் எத்தனை முறை அழைத்தும் அவர் எழவில்லை. மருத்துவமனையில் அவர் கண் விழிக்கும்வரை நான் பட்ட பாட்டை இங்கே எழுத இயலாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எத்தனை முறை மாணவர்களை எழுத வைத்திருப்பேன்!

கொதிக்கும் கல்

மாணவனின் கேள்விக்கு வருவோம். ஊற்றாமல் உயிர்வளி எப்படி வருகிறது?

1756-இல் குரோன்ஸ்டெட் என்னும் சுவீடன் நாட்டுக் கனிம அறிஞர் ஒரு கல்லைச் சூடாக்கியபோது அது நீராவியைக் கக்கிக் கொதிப்பதுபோல் தோன்றியது. கிரேக்க மொழியில் 'கொதிக்கும் கல்' என்று பொருள்பட அதற்குச் 'சியோலைட்' என்று பெயரிட்டார். அக்கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்துள்ளன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ராபர்ட் மில்டன் என்னும் அமெரிக்க வேதியியலார் இதனைச் செயற்கையாகச் செய்யும் வழியைக் கண்டார். அழுத்தத்தை மாற்றி மாற்றி வளிகளைப் பிரிக்கும் முறைக்குச் சார்லஸ் ஸ்கார்ஸ்டிராம் 1960-இல் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்து 1970களில் வீட்டில் வைக்கும் செறிவூட்டியாக உருப்பெற்றன.

பெட்டிக்குள் சியோலைட் நிரப்பிய இரண்டு குழாய்கள் உள்ளன. அறைக் காற்றை அழுத்தி ஒரு குழாய்க்குள் செலுத்தும்போது நைட்ரசன் கல்லில் ஒட்டிக்கொள்கிறது. உயிர்வளி கடந்து செல்கிறது. சில நொடிகளில் அழுத்தம் தளர, ஒட்டிய நைட்ரசன் அறைக்கே திரும்புகிறது. அதற்குள் மற்றக் குழாய் வேலையைத் தொடங்கிவிடுகிறது. நாம் கேட்கும் 'புஸ்' என்னும் ஓசை இந்த முறைமாற்றத்தின் ஓசைதான். காற்றில் ஒரு விழுக்காடு உள்ள ஆர்கானை இக்கல் பிடிப்பதில்லை. ஆகவே எத்தகைய பெட்டியாயினும் ஏறத்தாழ 95 விழுக்காட்டிற்கு மேல் தூய உயிர்வளியைத் தர இயலாது.

காற்றும் மின்சாரமும் உள்ளவரை அது தீராது.

பதினைந்து மணி நேரம்

எத்தனை மணி நேரம் அணிய வேண்டும்? இதற்கு விடை தந்தவை இரண்டு ஆய்வுகள். 1980-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 203 நோயாளிகள் பங்கேற்றனர். இரவில் 12 மணி நேரம் மட்டும் உயிர்வளி பெற்றவர்களைவிட, நாளின் பெரும்பகுதி பெற்றவர்கள் கூடுதலாகப் பிழைத்தனர். 1981-இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில் 87 பேர். நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் பெற்ற 42 பேரில் ஐந்து ஆண்டுகளில் இறந்தவர் 19 பேர். பெறாத 45 பேரில் இறந்தவர் 30 பேர். மருத்துவர்கள் சொல்லும் '15 மணி நேரம்' இவ்வாய்விலிருந்து வந்ததே.

என் தந்தையார் மூச்சு வாங்கும்போது மட்டும் குழாயை மாட்டுவார். "கரண்டு காசு ஏறும்பா" என்று பத்து நிமிடத்தில் அணைத்துவிடுவார். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். 5 லிட்டர் பெட்டி ஏறத்தாழ 350 வாட் மின்சாரம் எடுக்கும். 15 மணி நேரத்திற்கு 5 அலகு. அதைக் கேட்ட பிறகே ஒழுங்காக அணிந்தார். அதற்குள் ஓராண்டு வீணாகியிருந்தது.

மறுபக்கமும் உண்டு. உயிர்வளிக் குறைவு மிதமாக மட்டும் இருந்த 738 பேரை ஆராய்ந்த 2016 அமெரிக்க ஆய்வில், நெடுநாள் உயிர்வளியால் ஆயுளும் நீளவில்லை, மருத்துவமனைச் சேர்க்கையும் குறையவில்லை. பக்கத்து வீட்டார் வைத்திருக்கிறார் என்று வாங்கும் பொருளன்று இது.

வாங்குவோர் கவனத்திற்கு

கையில் எடுத்துச் செல்லும் பெட்டிகளுக்கும் ஒரு கதை உண்டு. 2001-இல் கலிபோர்னியாவில் மூன்று கல்லூரி மாணவர்கள், தங்களுள் ஒருவருடைய பாட்டியின் நிலையைக் கண்டு இத்தகைய பெட்டியைச் செய்ய முனைந்தனர். அவர்கள் தொடங்கியதே இனோஜன் நிறுவனம். 2005-இல் அமெரிக்க அரசு இத்தகைய பெட்டிகள் இரண்டை விமானத்தில் பயன்படுத்த ஒப்புதல் தந்தது. அவற்றுள் ஒன்று இவர்களுடையது.

இவற்றை வாங்குமுன் ஒன்றை அறிய வேண்டும். சிறிய பெட்டிகள் பெரும்பாலும் மூச்சை இழுக்கும்போது மட்டும் ஒரு வீச்சாக உயிர்வளி தருகின்றன. அவற்றில் உள்ள '2' என்னும் எண் நிமிடத்திற்கு 2 லிட்டர் என்று பொருள்படாது. உறக்கத்தில் மூச்சு மெலிந்தால் சில பெட்டிகள் அதனை உணராமலும் போகலாம். ஆகவே நோயாளியை அப்பெட்டியோடு நடக்கவைத்து அளந்து பார்த்த பின்பே வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் வீட்டுப் பெட்டி நம் நாட்டின் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்திற்கு ஏற்றதா என்றும் பாருங்கள்.

விரலில் மாட்டும் அளவியை முழுமையாக நம்பாதீர்கள். 2020-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, கறுப்பினத்தவர்க்கு அக்கருவி உண்மைக் குறைவைக் காட்டத் தவறுவது வெள்ளையரைவிட ஏறத்தாழ மும்மடங்கு என்று கண்டது. கருநிறம் கொண்ட நம்மவர்களும் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். எண் நன்றாக இருந்தும் நோயாளி வாடினால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

பூசை அறையின் விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி ஆகியவற்றின் அருகே பெட்டி வேண்டா. சிகரெட்டு அறவே கூடாது. உயிர்வளி தானாக எரிவதில்லை. ஆனால் சிறு பொறியையும் பெருந்தீயாக்கும். மூக்கில் எண்ணெய்ப் பசையுள்ள தைலமும் தடவாதீர்கள். வடிகட்டியை முறைப்படி கழுவுங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். மின்தடைக்கென ஓர் உருளையைத் தயாராக வையுங்கள்.

அன்று வகுப்பு முடிந்ததும் அந்த மாணவனிடம் அவன் பெற்றோருக்கு ஒரு சிறு கடிதம் எழுதிக் கொடுத்தேன். "தாத்தாவிற்கு எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம் என்று மருத்துவரிடம் கேட்டு, பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்" என்பதுதான் கடிதம்.

உங்கள் வீட்டிலும் அப்பெட்டி இருந்தால் இன்றே அவ்வாறு செய்யுங்கள்.