மடிக்கணினியில் டிவிடி இயங்கவில்லையா? டிரைவை மாற்றும் முன் சோதிக்க வேண்டியவை

பெங்களூரு: திருமணக் காணொலி பதிந்த பழைய டிவிடி மடிக்கணினியில் இயங்காவிட்டால், முதலில் வேறொரு வட்டை இட்டுப் பார்க்க வேண்டும். அது இயங்கினால் குறை பழைய வட்டில் இருக்கலாம். மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்கலாம்.

சிடி மட்டும் இயங்கினால், டிவிடிக்கான லேசர் பழுதடைந்திருக்கலாம். சிடிக்கு 780, டிவிடிக்கு 650 நானோமீட்டர் அலைநீள ஒளி பயன்படுகிறது.

விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் டிரைவ் மஞ்சள் குறியுடன் தோன்றினால், அதனை நீக்கிக் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். பெயரே இல்லையெனில் இணைப்பு தளர்ந்திருக்கலாம் அல்லது டிரைவ் செயலிழந்திருக்கலாம்.

தட்டு திறக்காவிட்டால், கணினியை அணைத்துவிட்டு, முகப்பிலுள்ள சிறுதுளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பைச் செலுத்தலாம்.

கணினி உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் மாற்று டிரைவ் வாங்கச் செல்வோர், அதன் தடிமன் 12.7 மில்லிமீட்டரா, 9.5 மில்லிமீட்டரா என அறிந்து செல்வது நல்லது. யுஎஸ்பி டிரைவும் போதுமானது. வட்டு ஒருமுறை இயங்கியதும் காணொலியை உடனே நகலெடுப்பதே பாதுகாப்பு.